சின்னாற்றில் கழற்றிய சட்டை

மண்ணரை, திருப்பூர்.

வணக்கத்துக்குரிய அப்பாவுக்கு, சாமியப்பன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பனியன் கம்பெனி முதலாளி, மதுரையிலிருந்து சரக்கு வாங்க வந்தவரைக் காரில் சின்னாற்றுக்கு அழைத்துப் போனார். வழி தெரிந்தவன் என்று என்னையும் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார். உடுமலைப்பேட்டை தாண்டும்போது நம் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. காட்டுக்குள் ஆற்றை ஒட்டியே கார் மெதுவாகப் போனது. மருத மரங்கள் தண்ணீர் வரை சாய்ந்து நின்றன. யானை எதுவும் வரவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஓரிடத்தில் குளிக்க இறங்கினார்கள். "நீயும் வாப்பா, சங்கட்டப்படாதே" என்றார் முதலாளி. யோசிக்காமல் சட்டையைக் கழற்றிவிட்டேன். உள்ளே போட்டிருந்த பனியன் முதுகெல்லாம் கிழிசல். மதுரைக்காரர் சிரித்துக்கொண்டே, "இதுவும் உங்க கம்பெனிச் சரக்குதானா?" என்று கேட்டார். முதலாளியின் முகம் கறுத்துப்போனது. நான் குளிக்கவில்லை. திரும்பும்போது டிரைவர்கூட என்னிடம் வழி கேட்கவில்லை.

தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த பனியன்களை உங்களுக்கு அனுப்பியபோது, "உனக்கு வெச்சிருக்கறயா கண்ணு?" என்று கேட்டு எழுதினீர்கள். பெட்டி நிறைய இருக்கிறது என்று பொய் எழுதினேன். இப்போது முதலாளியிடம் போய்க் கேட்க முகமில்லை. உங்களுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூசுகிறது. ஆனாலும் யாராவது இந்தப் பக்கம் வந்தால் அதில் ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

சங்கு ஊதுகிறது, வேலைக்கு ஓட வேண்டும். புதிது வேண்டாம் அப்பா. நீங்கள் போட்டிருப்பதே போதும். துவைக்கக்கூட வேண்டாம்.

சாமியப்பன்