நீலம் கலந்த கஞ்சி

இதை யாரிடமும் காட்டாதீர்கள் அப்பா. அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது, இனி யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்று எழுதிய பிறகுதான் தோன்றுகிறது. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை. வேறு யார் கையிலாவது இந்த நோட்டு கிடைத்தால், உங்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன், படித்ததோடு விட்டுவிடுங்கள்.

விளக்கை மண்ணெண்ணெய் டின்னுக்குள் வைத்து எழுதுகிறேன். இருட்டிய பிறகு வெளிச்சம் தெரிந்தால் ரோந்து வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். என் விரல் நுனியெல்லாம் நீலமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை, வெள்ளைத் துணிகளுக்கு நான்தான் நீலம் கரைத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகத்துக்குள் இருப்பது போகவில்லை. கையை முகத்தருகே கொண்டுபோனாலே அந்த வாடை. அன்றைக்கு ஆற்றங்கரையில் வந்த அதே வாடை.

உங்களுக்கு நினைவிருக்கும். நம்மைக் கம்பி வேலிக்குள் குடிவைத்த புதிதில், கேட்டுக்கு வெளியே ஒரு பிடி அரிசியோ சோறோ போகக்கூடாது என்றார்கள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்விடுமாம். ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்டப் போகிறவர்கள்கூட வெறும் தண்ணீர்ப் போத்தலோடுதான் போனார்கள். ஊர்த் துணி வெளுக்கிற நமக்கோ, துவைக்கிற ஆற்றுத்துறை வேலிக்கு அந்தப் பக்கம். கஞ்சி இல்லாமல் தோட்டத்துத் தொரை வீட்டுச் சட்டையும் கணக்கெழுதும் கிராணியார் வீட்டுக் காற்சட்டையும் எப்படி விறைக்கும்? நீங்கள்தான் கேட்டில் போய் நின்று பேசினீர்கள்.

"ஐயா, ஒங்க கண்ணு முன்னாலயே கஞ்சியில நீலத்தக் கரைச்சுடறேன். நீலம் போட்ட கஞ்சிய எவன் குடிப்பான்? சட்டதான் குடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்களாம். ஆனால் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து கேட்டில் காவல் நிற்கும் முனியாண்டி அண்ணன் முன்னால் டின்னைத் திறந்து, நீல முடிச்சை உள்ளே விட்டு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் போவோம். உங்கள் யோசனையால்தான் நம் பிழைப்பு ஓடுகிறது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள்.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. லயத்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருந்த தோட்டக் கூலிகளுக்கு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து ஊற்றினார், படுத்த நாளுக்கும் ஏதோ கிடைத்தது. நமக்குப் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. போதாததற்கு, காய்ச்சல் உள்ள வீட்டார் அடுத்தவர் துணியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. உங்களுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தபோது அம்மா கெஞ்சினார்.

"ரெண்டு நாளு படுத்திருங்களேன். ஆளு செத்துடவா போறோம்?"

"நான்தான் தொர, நான்தான் கூலி. கூலி லீவு கேட்டான். தொர முடியாதுன்னுட்டான்லா. நான் என்னா செய்ய?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே மூட்டையோடு போய்விட்டீர்கள். இரவும் சாப்பிடவில்லை, காலையிலும் ஒன்றும் இறங்கவில்லை. பொழுது ஏறியதும் அம்மா கஞ்சி காய்ச்சினார். இது துணிக்கு இல்லை. உப்புப் போட்டு, இரண்டு சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு, துணிக்கஞ்சி கொண்டுபோகும் டின்னிலேயே ஊற்றித் தந்தார்.

"முனியாண்டிகிட்ட ரகசியமா சொல்லு. அப்பாவுக்கு முடியல, குடிக்கிற கஞ்சின்னு. அவன் நம்ம ஆளு, விட்டுருவான்."

நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டருகே போனால் ஒரு ஜீப் நிற்கிறது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் முனியாண்டி அண்ணனை ஒட்டி நின்று எல்லாப் பைகளையும் தட்டிப் பார்க்கிறார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"என்னா பாப்பா டின்னுல?"

குடிக்கிற கஞ்சி என்றால் என்னையும் உங்களையும் பிடித்துக்கொண்டு போவார்கள். காய்ச்சல் என்றால் துறைக்கே வந்து உங்களை இழுத்துப் போவார்கள், அப்புறம் நம்மிடம் யார் துணி போடுவார்கள்? இதெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அப்போது கண்ணில் பட்டது அந்த ஜீப் மட்டும்தான்.

"சட்டைக்குப் போடுற கஞ்சிண்ணே," என்றேன்.

அண்ணன் டின்னைத் திறந்தார். டின்னிலிருந்து வெங்காய வாசனை அவருக்கும் வந்திருக்கும். அதிகாரி குனிந்து பார்த்தார். "நீலம் எங்க?" என்றார் அண்ணன். என்னிடம் இல்லை. அவரே காவல் கொட்டகையில் நீங்கள் கொடுத்துவைத்திருந்த முடிச்சை எடுத்துவந்து உள்ளே விட்டு, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. என் கண் முன்னால் உங்கள் கஞ்சி நீலமாகிவிட்டது.

துறையில் நீங்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். டின்னைத் திறந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் அழுததில் எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டுவீர்கள் என்று நினைத்தேன். விரலை உள்ளே விட்டு வெங்காயத்தை எடுத்தீர்கள்.

"பாத்தியா, வெங்காயமும் நீலச் சட்ட போட்டுக்கிச்சு."

ஆற்றில் அலசி ஒன்றை நீங்கள் தின்றீர்கள். மற்றதை என் வாயில் போட்டீர்கள். "இந்தா, கூட்டுக் களவாணி. அம்மாகிட்ட சொல்லாத. அப்பா வயிறு முட்டக் குடிச்சாருன்னு சொல்லு." பிறகு அந்தக் கஞ்சியையே கிராணியார் சட்டைகளுக்குப் போட்டீர்கள். வெயில் சாயும்வரை ஒரு வெங்காயத்தோடு நின்று துவைத்தீர்கள். நான் பிழிந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னார். "கடைசியா என் கஞ்சியக் குடிச்சுட்டுத்தான் போனாரு. அது போதும் எனக்கு." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த வாரம் கிராணியார் வீட்டம்மா சட்டைகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒட்டுகிறதாம், கழுத்தெல்லாம் அரிக்கிறதாம். அம்மா ஒரு காலரை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. "அவரு வேர்வடி இது," என்று அந்தச் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார். மறுபடி துவைக்கவே விடவில்லை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வேன் அப்பா? அந்தச் சட்டைக்கு வேறு துணி கொடுத்து ஈடுகட்டினார், சட்டை இப்போது அவர் தலைமாட்டில் இருக்கிறது.

இப்போது அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக மறைக்கிறார். கேட்டில் காலையில் டிரஸ்ஸர் நின்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் விடுகிறார். அம்மா ஈரத்துணியால் நெற்றியை ஒற்றி ஒற்றிக் குளிரவைத்துக்கொண்டு போகிறார். நேற்று துறையில் உங்களைப் போலவே கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றார். அதே பேச்சு. உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதுபோல.

நான் மூச்சு விட்டுவிட்டேன். இன்று ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவருக்குச் செக்ரோலில் பெயர் உண்டு, டிரஸ்ஸர் வீட்டுக்குப் போய்வரும் பழக்கமும் உண்டு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒங்க வீட்டு மூட்டையிலதான என் புள்ள சட்டையும் கெடக்கு? பேசாம வீட்டுக்குப் போ, நான் பாக்குறேன்," என்றார். எதைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. மருந்தோடு ஆள் வருமா, காய்ச்சல் வீடென்று பூட்ட ஆள் வருமா? பூட்டினால் நாளைக்கு யாரும் துணி போடமாட்டார்கள். பூட்டாவிட்டால் அம்மா நாளைக்கும் ஆற்றுக்குப் போவார். எழுதிக்கொண்டே ஐந்து தடவை எழுந்துபோய் அம்மா நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தேன். கொதிக்கிறது.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை ஒரு மாதம் வைத்திருந்தேன் அப்பா. அந்த வெங்காயத்தின் உறைப்பு மாதிரி அது நாக்கிலேயே நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை. அம்மாவுக்கு உடம்பு தேறட்டும். தேறினால் அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அது வேர்வை இல்லை என்று நானே சொல்லப்போகிறேன். அடித்தால் அடிக்கட்டும்.

வாசலில் பூட்ஸ் சத்தம். கூடவே செருப்புச் சத்தமும் கேட்கிறது. கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்து உட்கார்ந்து, ஈரத்துணியைத் தேடுகிறார். அது என் மடியில் இருக்கிறது அப்பா, நான் கொடுக்கமாட்