முகம் தெரிகிற ஹால்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், ஒரு பேச்சுக்கு எழுதவில்லை, மெய்யாகவே சந்தோஷமாக இருக்கிறோம், நீயும் அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுதும்போதே கை பரபரக்கிறது. நம் ஹாலை மாற்றிவிட்டேன். சோபாவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளுகிற மாற்றம் இல்லை, இப்போது நீ கதவைத் திறந்தால் வீடு மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போய்விடுவாய்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்கு என்மேல் என்ன கோபம், ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று போன தடவை கேட்டாய். கோபம் இல்லையடா கண்ணு. அச்சகத்தில் அந்தப் பெரிய மெஷின் பக்கத்திலேயே பாதி ஆயுசைக் கழித்தவருக்குக் காது மந்தம் என்பது நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் எவ்வளவு போய்விட்டது என்பதை அவர் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. வேலை மாறப் போகிறேன் என்று நீ சொன்னபோது நல்லது நல்லது, அங்கே மழையா என்று கேட்டாரே, நீ வாடிப்போனாயே, அன்றைக்கு நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. அதற்கப்புறம் உன் போன் வந்தாலே அம்மாகிட்ட பேசட்டும் என்று எழுந்து போய்விடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதே கதை, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தானும் சிரிப்பார், கொஞ்ச நேரத்தில் தலைவலி என்று உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்துவது சொல்.

அக்காதான் விடாப்பிடியாக அழைத்துப் போய்க் காது மெஷின் வாங்க வைத்தாள். அதைப் பொருத்திவிட்ட பெண் நல்ல பொறுமைசாலி. உங்கள் வீட்டுக்காரர் பாதியைக் காதால் கேட்கிறார், பாதியை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார், பேசுகிறவர் முகம் வெளிச்சத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வீட்டுக்கு வந்து ஹால் நடுவில் நின்று பார்த்தேன். ஷோகேஸ் பாதி ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது, சோபாவில் எல்லோரும் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி டிவியைப் பார்த்து வரிசையாக உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது, எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தாலும் பின்னால் பூப்போட்ட வால்பேப்பர், காலண்டர், பொம்மை, போட்டோ. பூப்போட்ட துணியில் ஊசி விழுந்தால் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னை மாதிரித் தையல்காரிக்குத்தானே தெரியும், அந்தக் கூட்டத்தில் உதட்டை எங்கே தேடுவார் பாவம்.

அக்கா போனில் ஒரு படம் காட்டினாள், மினிமலிஸ்ட் ஹாலாம், நாலு நாற்காலி, ஒரு ஜன்னல், வெறும் சுவர். வீடு காலி பண்ணுகிறவர்கள் கடைசி வண்டிக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறதே என்று முதலில் சிரித்தேன். அப்புறம் பார்க்கப் பார்க்க, அங்கே உட்கார்ந்தால் மனுஷ முகத்தைத் தவிர பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை என்று தோன்றியது. அவ்வளவுதான், தையல் சாக்கட்டியை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தேன். உன் அப்பா குதித்தார். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு வெறும் தரையில் உட்காரச் சொல்கிறாயா என்று கேட்டார், அன்றைக்கு எனக்கும் காது கேட்கவில்லை. கீழ்வீட்டு டாக்சிக்காரரும் மாப்பிள்ளையும் ஷோகேஸை மூச்சுத் திணறத் திணற இறக்கினார்கள், அது இனிமேல் அக்கா வீட்டில் அவள் தலைவலி. சோபா டாக்சி ஸ்டாண்டுக்குப் போனது, டிவி உள்ளறைக்கு. வால்பேப்பரை உரித்துப் பளபளப்பு இல்லாத சாம்பல் வெள்ளை அடித்தோம். நாற்காலிகளைப் பிறை மாதிரி வளைத்துப் போட்டேன், அப்பா நாற்காலிக்கு முதுகுப் பக்கம் ஜன்னல், அப்போதுதான் வெளிச்சம் மற்றவர்கள் முகத்தில் விழும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தால், பேசுகிற பேச்செல்லாம் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. நமக்கே கணகணவென்றது என்றால் மெஷின் மாட்டிய காதுக்குக் கேட்க வேண்டுமா. அப்பா அதைப் பிடுங்கி என் மடியில் வைத்தார். “குடத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. நான் இதுக்கு லாயக்கில்ல, விட்டுடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா கண் கலங்கி, பழையபடியே வைத்துவிடலாம்மா என்றாள். எனக்கு விட மனசில்லை. எல்லோரும் போன பிறகு தனியாக நின்று ஒரு தட்டு கை தட்டினேன், ஹால் திருப்பித் தட்டியது. என் தையல் அறைக்குப் போய்த் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. அங்கேதான் சுவர் முழுக்கத் துணி அடுக்கி இருக்கிறதே. அப்படியே துள்ளிக் குதித்தேன் என்று எழுதினால் சிரிப்பாய், குதித்தேன்தான்.

பிறகு தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உள்துணி வைத்துக் கனமான திரைச்சீலை தைத்தேன், ஒரு பூ கிடையாது, ஒரு கரை கிடையாது. தரைக்குத் தடியான விரிப்பு. பஞ்சு வைத்துத் தைத்த மெத்தையைக் கார்பெண்டர் செய்து கொடுத்த சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் சுவர் நிறத்துத் துணி போர்த்திச் சுவரிலேயே மாட்டிவிட்டேன், தொட்டுப் பார்த்தால்தான் மெத்தை என்று தெரியும். மறுபடி கை தட்டினேன், ஹால் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிறு அப்பாவை வம்பாகத்தான் கூட்டி வந்து உட்கார வைத்தேன். டாக்சிக்காரர் தன் கதையை எடுத்தார். வண்டியில் ஏறின ஒரு வயசான அம்மா, வழி சொல்கிற போன் வலது பக்கம் திரும்புங்க என்றதும் மரியாதையாக வலது பக்கம் திரும்பி உட்கார்ந்தார்களாம், இடது என்றதும் இடது பக்கம், வீடு போய்ச் சேர்வதற்குள் கழுத்துப் பிடித்துக்கொண்டதாம். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சிரிப்பு கேட்டது. உன் அப்பா. சிரித்ததோடு விடவில்லை, “நல்லவேளை, யூ-டர்ன் வரல. வந்திருந்தா அந்தம்மா கதி என்னய்யா?” என்றார். டாக்சிக்காரர் நாற்காலியை விட்டுச் சரிந்துவிட்டார். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை, போய்ப் பார்த்தால் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறாள்.

எல்லோரும் போன பிறகும் அப்பா எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து விரலால் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “சின்னவன்கிட்ட பேசணும். அவன் புது வேலை என்னன்னு நான் இன்னும் கேக்கவே இல்லியே” என்றார்.

அதனால் வருகிற ஞாயிறு காலையில் வீடியோவில் கூப்பிடு, முதலில் அவர்தான் பேசப் போகிறார், நான் குறுக்கே வரமாட்டேன். உன் முகம் தெரிகிற டேப்லெட்டை அந்த மெத்தைச் சுவர் ஓரமாக ஸ்டூலில் வைத்துவிடுகிறேன், நீயும் எங்களோடு வளையத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நீ ஜன்னலைப் பார்த்து உட்கார், நடந்துகொண்டே பேசாதே, கத்தாதே, நிதானமாகச் சொல், அவருக்குப் புரியவில்லை என்றால் ஒன்றுமில்லை விடுங்கப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே, இன்னொரு தடவை சொல். வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எடுத்த வேலையெல்லாம் நல்லபடியாக முடிந்து, மனசுக்குப் பிடித்தவர்கள் நடுவில் நீ நூறு வயசு சிரித்துக்கொண்டிருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. முக்கியமானதை மறந்தேனே, ஞாயிற்றுக்குள் அந்த மீசையைக் கத்தரித்துவிடு, உன் மேல் உதடே தெரிவதில்லை.

உன் குரலுக்கு அவரோடு சேர்ந்து காத்திருக்கும்
அம்மா