மயிலின் முதுகில் இருந்த பெயர்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
15-7-1967, சனிக்கிழமை

அன்பு மகன் அப்பாதுரைக்கு அம்மா இந்திராணி ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை அம்சாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே பிலாயில் வேளைக்குச் சாப்பிட்டு, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைத்துக் குளித்து, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேனே தவிர மனசு ஒரு நிலையில் இல்லை. காலையிலிருந்து இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது, அப்பா முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார். இது கைக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. படித்து முடிக்காமல் மயில்வாகனத்தைப் பார்க்கப் போகாதே.

அவனை அம்சாவுக்குப் பார்க்கலாம் என்று சொன்னதே நீதான். கூட வேலை செய்கிற ஐயம்பேட்டைப் பையன், ரயிலில் தெரியாமல் அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டான், தெரிந்ததும் யாரும் கேட்காமலே எழுந்து நாக்பூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்கே இவன்தான் மாப்பிள்ளை என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அம்சா அந்தக் கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்ததை நான் பார்த்தேன். ஆடி பிறந்துவிட்டால் பேச்செடுக்க முடியாது என்று பையனின் அப்பா பரமசிவமும் அம்மா நீலாம்பாளும் இந்தப் புதன்கிழமையே பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நம் முன்கூடம் இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். தறி அடைத்தது போக மிச்சத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் தறிக்குழியில்தான் காலைத் தொங்கவிட வேண்டும். மேற்குச் சுவரில் போன ஐப்பசி மழையில் ஊறிய கறை வேறு. நெசவு செய்கிறவர்கள் வீட்டுக்கு நெசவு செய்கிறவர்கள்தானே வருகிறார்கள், தறியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், ஜோடனை எதற்கு என்றார் அப்பா. என் மனசு கேட்குமா. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அலமு வந்து உட்கார்ந்து இன்னும் பயமுறுத்தினாள். அவள் பெண்ணைப் பார்க்க வந்தபோது சுவர் முழுக்கப் பாசிமணிக் கிளியும், துணியில் தைத்த நல்வரவும், ஒயர் கூடையுமாக மாட்டி வைத்திருந்தாளாம், வந்தவர்கள் அதைப் பார்த்தே மயங்கிவிட்டார்களாம். இப்போது முதலில் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்க்கிறார்கள் என்றாள். நம் அம்சாவைத்தான் உனக்குத் தெரியுமே. ஊசியும் பாசிமணியும் எடுத்துக் கொடுத்தால் எனக்கு இதெல்லாம் வராது என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

சரி, நாமே இறங்குவோம் என்று இறங்கிவிட்டேன். கடையில் போய் எதையும் வாங்கவில்லை, எல்லாம் வீட்டில் கிடந்ததுதான். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து நானே சுவருக்கு அடித்தேன், கறை மட்டும் இரண்டு பூச்சுக்கும் மசியவில்லை. என்னுடைய மாம்பழக் கலர் புடவை நினைவிருக்கிறதா, உடல் நைந்துவிட்டது, கரை புதுசு போலவே இருந்தது, அதை வெட்டி உள்கதவுக்குத் திரை தைத்தேன். தெருவெல்லாம் உடைந்த கண்ணாடி வளையல் கேட்டு வாங்கி, விளக்குச் சுடரில் காட்டி வளைத்து ஒன்றில் ஒன்றைக் கோத்துச் சங்கிலியாக்கி நிலைப்படியில் தொங்கவிட்டேன், விரல் இரண்டு சுட்டுக்கொண்டது. கழிவுப் பட்டைக் கம்பியில் சுற்றி ரோஜாப்பூ செய்து பாட்டிலில் வைத்தேன். டிசைனுக்குத் துளை போட்ட பழைய ஜக்கார்டு அட்டை பரணில் ஒரு கட்டு கிடந்தது, அதில் ஒன்று காவி ஒன்று பச்சை என்று வர்ணம் பூசி, மைதாப் பசை காய்ச்சி, சுவரைச் சுற்றிப் புடவைக்குக் கரை வைத்த மாதிரி ஒட்டினேன். துளை வழியே வெள்ளைச் சுவர் தெரிந்தபோது புட்டா போட்டது போலவே இருந்தது, அப்பாகூட நின்று பார்த்தார். உன் அறை வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, நீயும் இது மாதிரி ஒட்டிக்கொள், பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட மறக்காதே, இல்லாவிட்டால் கரப்பான் அரித்துவிடும், போட்ட கையை நன்றாகக் கழுவு. இவ்வளவு செய்தும் எனக்குத் திருப்தி இல்லை. பூவை ஜன்னலில் வைத்தேன், எடுத்து ஸ்டூலில் வைத்தேன், மறுபடி ஜன்னலுக்கே கொண்டுபோனேன். எங்கே நின்று பார்த்தாலும் அந்தக் கறைதான் கண்ணில் பட்டது. அப்போதுதான் பரணில் உன் மயில் அகப்பட்டது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அட்டையில் பட்டு நூலை ஒட்டி, தோகைக் கண்ணுக்கெல்லாம் சரிகைத் துணுக்கு வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் செய்தாயே அதுதான். துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. கறையின் மேலேயே ஆணி அடித்து மாட்டினேன், அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

புதன்கிழமை வந்தார்கள். அலமு சொன்னது சரிதான், நீலாம்பாள் உட்காருவதற்கு முன்பே சுவரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் பொண்ணு கைவேலையாமா?" என்று கேட்டாள். எல்லோருமாகச் சேர்ந்து செய்தோம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆமாங்க என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் இந்தப் பூவா, இந்தச் சங்கிலியா, இந்தத் திரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பரமசிவம் மட்டும் சுவரைப் பார்க்கவில்லை, தறியண்டை போய்க் குனிந்து பாவு நூலைத் தடவிக்கொண்டு அப்பாவிடம் ஏதோ கேட்டார், எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை, நான் பஜ்ஜித் தட்டை அவர்கள் நடுவில் நீட்டினேன். அம்சா காபி டம்ளரோடு திரைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள் பார், அப்பப்பா, அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கடைசியில் நீலாம்பாள் மயிலண்டை போய் நின்றுவிட்டாள். என் பிள்ளை பெயருக்கு ஏற்ற மயில் இல்லையா இது, இதை அவனுக்கு அனுப்பட்டுமா, பெண்ணின் போட்டோவோடு அவள் கைவேலையும் போகட்டும் என்றாள். பெயர்ப் பொருத்தம் எனக்குத் தோன்றவே இல்லை. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது. ஆணியிலிருந்து கழற்றி முந்தானையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் தம்பி நாளை ஞாயிற்றுக்கிழமை புடவை வியாபாரமாக அந்தப் பக்கம் வருகிறாராம், இரண்டு மூன்று நாளில் பிலாய்க்கு வந்து நேரே மயில்வாகனத்தின் கையில் கொடுப்பாராம். அவன் சரி என்று எழுதினால் ஆவணியில் முகூர்த்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அம்சா என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறாள். நேற்று நானே போய் ஏன்டி என்று கேட்டதற்கு ஒரே ஒரு பேச்சுப் பேசினாள். "நாளைக்கி அவரு இன்னொரு மயிலு செஞ்சி குடுன்னு கேட்டா அண்ணனையா கூட்டிக்கினு போவேன்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அதனால்தான் உனக்கு இந்த அவசரக் கடிதம். மயில்வாகனம் உன்னிடம் அந்த மயிலைக் காட்டுவான், காட்டாமல் இருக்க மாட்டான். அடடே இது நான் செய்தது என்று உளறிவிடாதே. சிரிக்காதே. உனக்குச் சிரிப்பு வந்தால் மூக்கு விடைத்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். அம்சா செய்தது, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடு. தங்கைக்காக இதைச் செய்ய மாட்டாயா கண்ணு.

இதோடு முடித்து, உறையில் போட்டு, ஒட்டுவதற்குப் பசைக் கிண்ணத்தை எடுத்தேன். பசை என்றதும் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மயில் சட்டத்தின் பின்பக்கம் உன் பெயர் இருக்கிறதடா. து. அப்பாதுரை, ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு என்று மையால் எழுதி, கீழே டிராயிங் வாத்தியார் சிவப்பு மையில் மிக நன்று என்று போட்டிருக்கிறார். துடைக்கும்போது பார்த்தேன். மேலே ஒரு காகிதத்தை ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பசை முழுக்க ஜக்கார்டு அட்டைக்கே தீர்ந்துபோயிற்று, காலையில் காய்ச்சிக்கொள்ளலாம், சுவர்ப் பக்கம் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மாட்டியவள் அப்படியே மறந்துபோனேன். நீலாம்பாள் திருப்பிப் பார்க்கவில்லை. அவன் பார்க்காமல் இருப்பானா. அண்ணனுடைய பழைய அட்டையைப் பின்பக்கம் வைத்துச் சட்டம் போட்டாள் என்று சொல்லச் சொல்லலாமா என்று பார்த்தேன். நீ வரைந்தாய், அவள் நூல் ஒட்டினாள் என்று சொன்னால் என்ன என்று பார்த்தேன். நினைத்துப் பார்த்தால் நீ ஏழாம் வகுப்பு படித்தபோது அம்சாவுக்கு ஏழு வயது. ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னும் எத்தனை பொய்யடா சொல்வது. யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

அப்பாவைக் கேட்கலாம் என்று எழுந்து கூடத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பாவு தீர்ந்திருந்தது, புதுப் பாவு வந்திருக்கிறது, அம்சா தறியில் உட்கார்ந்து பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இந்த இழையையும் அந்த இழையையும் சேர்த்து ஒரு முறுக்கு, அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தாள், ஆயிரக்கணக்கான இழை, ஒன்றையாவது தவறவிட்டு நான் பார்த்ததில்லை. இந்தத் தெருவில் பாவு பிணைக்க வேண்டும் என்றால் முதலில் அவளைத்தானே கூப்பிடுகிறார்கள். தினம் பார்க்கிற எனக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை, சுவரில் மாட்ட முடியாதல்லவா. அப்பா பக்கத்தில் வந்து நின்று, அன்றைக்குப் பரமசிவம் என்ன கேட்டார் தெரியுமா, இந்தத் தறிக்குப் பாவு பிணைப்பது யார் கை என்று கேட்டார், நான் வாய் திறப்பதற்குள் நீ பஜ்ஜியை நீட்டிவிட்டாய் என்றார். மூன்று நாளாக அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார் மனுஷர். எனக்கு என்னைப் பார்த்தே ஆத்திரம் வந்துவிட்டது. ஒன்பது நாள் விரலைச் சுட்டுக்கொண்டு ஊரான் வளையலையெல்லாம் பொறுக்கி மாட்டினேன், கேட்க வேண்டியதை ஒருத்தர் கேட்டபோது பஜ்ஜி கொடுத்தேன்.

அம்சாவிடம் மயிலின் பின்பக்கத்து விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் அரக்கு நூலில் கொஞ்சமும் பச்சை நூலில் கொஞ்சமும் எடுத்துப் பத்து இழை பிணைத்து என் கையில் கொடுத்தாள். "இத்த அண்ணனுக்கு அனுப்புமா. அவரு கையில குடுத்து இழுத்துப் பாக்கச் சொல்லு. அறுந்தா வேற எடத்துல அறும், நான் பிணைச்ச எடத்துல அறாது" என்றாள். அவ்வளவுதான், மறுபடி குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆகையால் மேலே நான் எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். முழுக்க அடித்துத் திரும்ப எழுத நேரமில்லை, தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது. மயில் முன்னால் வந்து சேருமோ இந்தக் கடிதம் முன்னால் வந்து சேருமோ தெரியாது. எது முன்னால் வந்தாலும் நீயே நேரே அவனிடம் போ. சுவரில் இருந்ததெல்லாம் அம்மா செய்தது, மயில் நான் செய்தது, அம்சா செய்தது என்று சொன்னது அம்மாவின் பொய், அம்சா அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை என்று என் பெயரைச் சொல்லியே சொல். ரயிலில் அடுத்தவர் இடம் என்று தெரிந்து எழுந்து நின்றவனிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அவனே திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நம் வாயால் கேட்கட்டும். நீலாம்பாளிடம் திங்கட்கிழமை நானே ஐயம்பேட்டைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன், அப்பாவும் வருகிறேன் என்றார். இதைக் கேட்டு அவர்கள் வேண்டாம் என்றால் எனக்குத் தாங்காது, உனக்குத் தெரியாதா, ஆனாலும் சொல்லிவிடு. இழைகளைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன், பாதி அரக்கு, பாதி பச்சை. நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும், தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியாது. அவன் கையிலேயே கொடு, அவனே இழுக்கட்டும், நீ முந்திக்கொண்டு இழுக்காதே.

மயிலை அவனிடமிருந்து கேட்டு வாங்கித் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவா, ஆணியை நான் பிடுங்கவில்லை, கறையும் அப்படியே இருக்கிறது. ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. காமாட்சியம்மன் உன்னையும் உன் தங்கையையும் எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. அவன் என்ன சொன்னான் என்று அன்றைக்கே எழுதிப் போடு, நல்லதோ கெட்டதோ ஒரு கார்டிலாவது எழுது, நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும் அம்மா,
து. இந்திராணி

பொட்டலத்தை ஜன்னலோரம் நின்று பிரிக்காதே. பட்டு இழை, காற்றில் போய்விடும்.