சிலாபத்து முகவரி

ஜூன் 5, வியாழன்

பஸ்தியான் இன்றும் தானாகவே சவரம் செய்து, நான் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி வைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றான். ஐஸ் என்ற அந்தப் போதைச் சனியனைத் தொடாமல் எழுபத்து மூன்று நாள். வியாழன்தோறும் ஆஸ்பத்திரிப் பின்பக்க அறையில் ஆலோசகர் ஜுமானா மிஸ்ஸுடன் ஒரு மணித்தியாலம் கதைக்கிறான். பெற்ற என்னோடு கதைக்காததை எல்லாம் அவளோடு. பொறாமைப்படக் கூடாது.

ஜூன் 8

பூசை முடிந்து பக்கத்து வீட்டுப் பாக்கியம்மா கேட்டாள்: "மகன்ட அல்சர் சுகமா டீச்சர்?" ஊருக்கு நான் கட்டிவிட்ட அல்சருக்கு ஓம் என்றேன். நற்கருணை வாங்கிய நாக்கு.

ஜூன் 19, வியாழன்

ஜுமானாவின் வியாழக்கிழமை ஆலோசனையை நிறுத்துகிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து அரசாங்க ஒதுக்கீடு இல்லை.

"இந்தப் பிரதேசத்துல ஒம்பது பேருக்குத்தான் தேவை இரிக்கி எண்டு மேல முடிவெடுத்திட்டாங்க டீச்சர்," என்றாள் ஜுமானா. "நான் பாக்கிறது முப்பத்தொரு பேரை. மிச்சம் எல்லாம் வெளியூர் முகவரி. இங்க சேராதாம்."

மார்ச்சில் பஸ்தியானின் படிவத்தை நிரப்பியது நான். ஊருக்குத் தெரியக் கூடாதென்று, தங்கை அல்பொன்சாவின் சிலாபத்து முகவரி. எவ்வளவு அழகான கையெழுத்து!

ஜூன் 20

இருபத்திரண்டு பேரில் நான் ஒருத்திதானே என்று சொல்லிப் பார்த்தேன். கன்னியாஸ்திரிமார் வளர்த்தவளுக்கு இது ஒரு சமாதானமா?

ஜூலை 3, வியாழன்

போகாதே என்றேன். கேட்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் பதினொரு மணிவரை இருந்துவிட்டு வந்தான்.

"அம்மா, இனி வியாழக்கிழமையில நான் என்ன செய்யிற?"

செபமாலையைக் கொடுத்தேன். மெதுவாக மேசையில் வைத்துவிட்டான். ஐயோ, வேற என்னத்தைக் குடுக்கிறது நான்?

ஜூலை 14

வெள்ளிக்கிழமை போனவன் வரவில்லை. அலுமாரியில் அவன் அப்பா சாகும்வரை கட்டியிருந்த கைக்கடிகாரமும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

இன்றும் அவன் சேட்டை மினுக்கிவிட்டேன். என்ன மடைத்தனம்.

ஜூலை 22

ஜுமானா எனக்குப் போன் எடுத்தாள். குடும்பங்கள் கிராம சேவகரிடம் சரியான விபரம் பதிந்தால், அடுத்த வருடத்துக்காவது ஒதுக்கீடு கேட்டுப் பார்க்கலாமாம்.

உடனே போனேன். கிராம சேவகர் அர்கம், நான் படிப்பித்த பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"டீச்சர்... அவருக்கு அல்சர் எண்டுதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னேன் மகன். பேனையைத் தாங்க."

முகவரி என்ற இடத்தில் எங்கள் மாம்புரி வீட்டை எழுதினேன். ஒரு பிழையும் இல்லை. அவன் அங்கே இல்லாமல் இன்றோடு பன்னிரண்டு நாள்.