தாய்ச் சங்கிலி

வியாழன், இரவு

இன்றைக்குக் கல்லூரி முதல்வர் முன்னால் தட்டைக் குலுக்கிக் காட்டினோம். தட்டு நிறைய, காந்தம் வைத்த சின்ன பிளாஸ்டிக் துண்டுகள். நாலைந்தைக் கோத்துத் தாய்ச் சங்கிலியாக நடுவில் போட்டுவிட்டுக் குலுக்கினால், உதிரித் துண்டுகள் அதன் பக்கத்தில் அதே வரிசையில் தானாக ஒட்டிக்கொள்ளும். பலமாக ஆட்டினால் குட்டிச் சங்கிலி தனியாகப் பிரியும். அப்புறம் அந்தக் குட்டியும் குட்டி போடும்.

எல்லாம் நடந்தது. ஆனால் பிறந்த குட்டி அத்தனையிலும் ஒரு துண்டு தலைகீழ்.

"தாயைக் கோத்தது யாரும்மா?" என்றார் முதல்வர்.

நான்தான். செம்பட்டி பஸ்ஸை விட்டுவிட்டு, லேட்டாக வந்து, சரிபார்க்காமல் கோத்தது. லேப் பார்த்துக்கொள்கிற மேரி என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டாள்.

"நாந்தேன் சார். கவனிக்காம மாத்தி வச்சுட்டேன்."

எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து, "ஏன் மேரி அப்படிச் சொன்ன?" என்றேன்.

"விடுங்க மேடம். உங்க வேலை இன்னும் நிரந்தரமாகலைல்ல."

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர், "எப்படிப் போச்சு?" என்றார். "மேரி ஒரு துண்டை மாத்தி வச்சுட்டா" என்று சொல்லிவிட்டேன். அவரிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

செத்த நேரம் கழித்து மகள் போனில் அவள் அத்தையிடம் சொல்வது கேட்டது. "மேரி ஆன்ட்டி ஒரு துண்டை மாத்தி வச்சுட்டாங்களாம், அத்தை."

இதை யாரும் குலுக்கக்கூட இல்லை.