முந்நூறு ரூபாய் வண்டிகள்

என் உசுருக்கு உசுரான மாப்ளே பழனிவேலு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. சங்ககிரியில் லாரிகள் அப்படியேதான் வரிசை கட்டி நிற்கின்றன. நீ லோடு பதிவு செய்த டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் நாற்காலியில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உன்னைவிட அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. என் டயர் கடையும் ஓடுகிறது. இன்று டயர் பேச்சு வேண்டாம். உன் கார்களைப் பற்றிப் பேச வேண்டும். உன் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். "எழுதுங்ணா, நாலு ஊட்டுலயாவது புத்தி வரட்டும்" என்றாள் மல்லிகா.

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ சேர்த்தவை நிஜக் காரைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி உலோகத்தில் வார்த்த மாதிரிக் கார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் ஒயர் வரைக்கும் தெரியும். முப்பத்தெட்டு வண்டிகள். நீ வாங்கியபோது ஒவ்வொன்றும் ஏழாயிரம், எட்டாயிரம். வீட்டில் நீ சொன்ன விலை முந்நூறு.

அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. பார்சல் எல்லாம் என் கடை விலாசத்துக்குத்தான் வரும். "மச்சான், பில்லைக் கிழிச்சுப் போட்டுரு. மல்லிகா கேட்டா முந்நூறுன்னு சொல்லு" என்பாய். பஞ்சர் ஒட்டிப் பிழைப்பைத் தொடங்கியவன் நான். ஒரு பில்லைக் கிழிக்க எனக்குக் கை வராது. கிழித்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்துக் கம்பியில் குத்தி வைத்தேன். மல்லிகாவிடம் மட்டும் நீ சொன்னபடியே சொன்னேன். "முந்நூறுதான் அம்மணி, சந்தையில வாங்குனா இருநூத்தம்பதுக்கே கிடைக்கும்" என்று என் பங்குக்கு ஐம்பது குறைத்தும் சொன்னேன். நாம் இரண்டு பேரும் அன்று எப்படிச் சிரித்தோம்!

நீ போன பிறகு அந்த வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை நீ பார்த்திருக்க வேண்டும். டயர் விலை ஏறினால் ரப்பர், கச்சா எண்ணெய் என்று எனக்குக் காரணம் தெரியும். இதற்குக் காரணம் விசாரித்தால் தலை சுற்றுகிறது. கம்பெனிக்காரன் ஒரு வண்டியைச் சில நூறுதான் செய்கிறானாம், ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் போடுகிறானாம், அதற்குமேல் எத்தனை பேர் கேட்டாலும் செய்ய மாட்டானாம். டாலர் ஏறுகிறது, சுங்கவரி ஏறுகிறது, காத்திருக்கும் கூட்டமும் ஏறுகிறது. நீ எட்டாயிரத்துக்கு வாங்கிய சிவப்பு வண்டியை ஒருவன் நாற்பதாயிரத்துக்குக் கேட்டான். நம் பொய்யும் கூடவே ஏறிக்கொண்டு போனது, மாப்ளே.

உன் மகள் படிப்புக்காக மல்லிகா நூல் மில்லுக்குப் போகிறாள். விடியும் முன்னே மில் பஸ் வந்துவிடும். முப்பத்தெட்டு வண்டிகள் நிற்கிற அலமாரிக்கு முன்னால் நின்றுதான் தலைவாரிக்கொண்டு ஓடுவாள். எனக்கு எல்லாம் தெரியும். ஒன்றரை வருஷம் வாயைத் திறக்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு என்று ஒரு சாக்கு. விலை இன்னும் கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் சொன்னால் அவளுக்குத்தானே லாபம் என்று இன்னொரு சாக்கு. சரக்கை அமுக்கி வைக்கிற வியாபாரப் புத்தி, செத்துப்போன நண்பன் வீட்டிலும் வேலை செய்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு உன் வீட்டுக்குப் போனேன். அலமாரியைப் பார்த்தேன். நீ மெல்லிய துணியால் தொட்டு எடுக்கிற வண்டிகள் எல்லாவற்றுக்கும் பானெட்டில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வெள்ளை வண்டியில் மஞ்சள் கறையாக இறங்கியிருந்தது. அவை வந்த பெட்டிகளைக் காணோம்.

"ஐயோ, என்ன அம்மணி பண்ணிட்ட!"

"ஏனுங்ணா? லாரிக்கெல்லாம் வெக்கறதுதானுங்க? இதுவும் வண்டிதான?"

"அந்தப் பெட்டியெல்லாம் எங்க?"

"எலி கூடு கட்டுதுங்ணா. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டனுங்க. முந்நூறு ரூவா சாமானுக்கு ஏனுங்ணா இப்பிடிப் பதறுறீங்க?"

பெட்டி இல்லாவிட்டால் பாதி விலை. கறை பட்டால் அதிலும் பாதி. அந்தக் கணக்கு என் முகத்தில் ஓடியதை அவள் பார்த்துவிட்டாள். ஆள் முகம் பார்த்து லோடு பதிவு செய்தவனின் பெண்டாட்டி, அவளுக்கு முகம் படிக்கத் தெரியாதா? "உண்மையச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

அவள் நம்பவில்லை. அப்போது நான் செய்ததுதான் பெரிய தப்பு. மறுநாள் கம்பியில் இருந்த பில்களை உருவிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். விலைக்கு அத்தாட்சி வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியும். அவள் விலையைப் பார்க்கவே இல்லை, மாப்ளே. தேதியைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவள் ஒரு பில்லில் நின்றுவிட்டாள். உன் வெள்ளி நிற வண்டியின் பில்.

"இது பாப்பாவைக் காலேசுல சேத்த மாசமுங்ணா. கையில பத்துப் பைசா இல்லைன்னாரு. என் தோடும் வளையலும் பேங்க்குக்குப் போச்சு. இன்னும் திரும்பலீங்க."

அது ஒரு வருஷம் முன்னாலேயே பதிவு செய்து காத்திருந்த வண்டி, அந்த மாசம் பார்த்து வந்து தொலைந்தது என்று உனக்காக ஏதோ சொன்னேன்.

"என் நகை அதுக்கும் முன்னாலயே எங்கப்பன் ஊட்டுல இருந்து எங்கூட வந்ததுதானுங்ணா" என்றாள். பிறகு, "நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏன்டா, அந்த மாசம் என்னிடமாவது கேட்டிருக்கக் கூடாதா? அந்த பார்சலை உன் கையில் கொடுத்தவன் நான். "பாப்பா ஃபீஸுக்கு என்ன பண்ணினே" என்று நானாவது ஏன் கேட்கவில்லை?

பத்து நாள் கழித்து மல்லிகா போன் செய்தாள். "வித்துருங்ணா. ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்."

அஸ்தம்பட்டியில் இருந்து, உன்னைப் போலவே கார் சேர்க்கிற ஒரு பல் டாக்டர் வந்தார். நல்ல மனுஷன். உன் சிவப்பு வண்டியைக் கையில் எடுத்தபோது அவர் முகம் உன் முகம் மாதிரியே ஆனது. பதினோரு வண்டி எடுத்து வைத்தார். பெட்டி இல்லை, கறை இருக்கிறது என்று அவர் இறக்க, இனிமேல் கம்பெனியே செய்ய மாட்டான் என்று நான் ஏற்ற, ஒரு வழியாகப் பேசி முடித்தேன். அவர் போனை எடுத்துப் பணம் அனுப்பப் போகும்போது மல்லிகா டீயோடு வந்தாள்.

"ஏனுங்க டாக்டர், உங்க ஊட்டுல இது என்ன வெலைன்னு சொல்லுவீங்க?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் சொன்னா வீட்டுக்குள்ள விடுவாங்களாம்மா?"

"அப்ப சொல்லிட்டு வாங்க. அப்புறம் தாரேன்."

வேடிக்கை என்று நினைத்து இன்னும் சிரித்தார். அவள் வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. கைக்கு வந்த கிராக்கியை விடுகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. டாக்டர் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கார் வந்து நின்றது. முதலில் இறங்கியது அவர் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நேராக உள்ளே வந்து மல்லிகாவைப் பார்த்து, "உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?" என்றார்.

"அவரு போனதுக்கப்புறங்க."

அந்த அம்மா மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு புருஷனைப் பார்த்து, "அஞ்சு எடுத்துக்கோங்க. போதும்" என்றார். டாக்டர் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பணத்தை அனுப்பினார். வாசலுக்கு வந்து என்னிடம் மட்டும் மெதுவாக, "ரொம்ப வருஷம் கழிச்சு நேத்து ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேங்க" என்றார். உனக்கு அந்தத் தூக்கம் வாய்க்கவில்லையே என்று நினைத்தேன்.

மல்லிகாவின் தோடும் வளையலும் வந்துவிட்டன. மில்லுக்கு இன்னும் போகிறாள், பாப்பா படிப்பு முடியட்டும் என்கிறாள். உன்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்பாய். தெரியவில்லை மாப்ளே. உன் படத்துக்கு விளக்கு ஏற்றுகிறாள். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

மிச்சம் முப்பத்து மூன்று வண்டிகள். கடைசி வண்டி போகும் வரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் மல்லிகா கேட்டதை நானே முதலில் கேட்பேன், விலையை அப்புறம் பேசுவேன். போகிறவர்கள் போகட்டும். என்றைக்காவது அவளாகவே உன்னைப் பற்றிக் கேட்டால் நல்லதும் கெட்டதும் உள்ளபடி சொல்வேன். உன்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மல்லிகாவுக்கு அண்ணனாக இருக்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும்,
உன் மச்சான்,
டயர் கடை முத்துசாமி,
சங்ககிரி.