கழுதைகள் யாரை ஜெயித்தன?

ஜாஸ்பர், அலபாமா
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஹோய்ட் லாசிட்டர் அவர்களுக்கு,

வெர்னா டிட்மோர் எழுதிக்கொள்வது. என் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை, உங்கள் முகத்தை நானும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் டெல்பர்ட்டின் அமெரிக்கக் கால்பந்து ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, வருடக்கணக்காக உங்களோடு மல்லுக்கட்டும் ஹார்லன் கல்லூரிக்காரி நான்தான். எங்கள் அணியின் சின்னத்தை வைத்து நீங்கள் சூட்டிய பெயரில் சொன்னால், கொக்குக் கிழவி.

இந்த சீசன் ஆரம்பித்ததிலிருந்து உங்கள் குரலைக் காணோம். கோபித்துக்கொண்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு டெல்பர்ட் விசாரித்துச் சொன்னார். கோடையில் பக்கவாதம் வந்ததாம், வலது கை விழுந்துவிட்டதாம், பேச்சு வரவில்லையாம், ஆனால் சொல்வதெல்லாம் புரிகிறதாம். மகள் ரோண்டா வந்து மினசோட்டாவுக்கு அழைத்துப் போய்விட்டாளாம். ரோண்டாவிடம் கேட்டுத்தான் இந்த முகவரியை வாங்கினேன். தானே படித்துக் காட்டுவதாகச் சொன்னாள். நன்றி, ரோண்டா. அப்பாவுக்கு இடது காது மந்தம் என்று அவரே ரேடியோவில் சொல்லியிருக்கிறார். வலது பக்கம் உட்கார்ந்து படி அம்மா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டென்ட் கல்லூரிக் கழுதைகள் இதுவரை ஆடிய எல்லா ஆட்டத்தையும் ஜெயித்திருக்கின்றன. யாரை ஜெயித்தன? அதில் ஒரு கல்லூரிக்குச் சொந்த ஸ்டேடியமே கிடையாது, உயர்நிலைப் பள்ளி மைதானத்தைக் கடன் வாங்கி ஆடுகிறது. இன்னொரு கல்லூரியில் பந்தை எறிகிற பையன் போன வருடம் வரை கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவன். எங்கள் கொக்குகள் இரண்டில் தோற்றது உண்மை. ஆனால் நாங்கள் தோற்றது மலைகளிடம், நீங்கள் ஜெயித்தது மணல் மேடுகளை. இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "அம்மணி, எதிர்ல வந்து நிக்கிறவனத்தான் அடிக்க முடியும், வராதவனத் தேடிப் போயா அடிக்கிறது?" என்பீர்கள். அந்தப் பதிலை இந்த வருடம் யாரும் சொல்லவில்லை.

இங்கே இன்னும் வெயில் போகவில்லை. என் கணவர் கார்ல் காலமான பிறகு இந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை மட்டும் என் அண்ணன் மகன் டேல் சுட்ட பன்றி இறைச்சி வாங்கிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருவான். நல்ல பையன், ஆனால் நான் எது சொன்னாலும் தலையாட்டுவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பனி சீக்கிரம் விழும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் எதிர்த்தரப்பு,
வெர்னா டிட்மோர்


ஜாஸ்பர்
நவம்பர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஹோய்ட் அவர்களுக்கு,

ரோண்டாவின் பதில் வந்தது. என் கடிதத்தைப் படித்தபோது நீங்கள் இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டிக்கொண்டே இருந்ததாக எழுதியிருந்தாள். வலிக்கிறதோ என்று பயந்துவிட்டாளாம். நான் பயப்படவில்லை.

நேற்று ஒரு காரியம் செய்துவிட்டேன். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நிகழ்ச்சிக்குப் புதிதாக ட்ராவிஸ் என்று ஒருவன் வருகிறான், பர்மிங்ஹாம்காரன். அவன் எந்த அணிக்கும் ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்கு ஆள். ஒவ்வொரு அணியின் எதிராளிகளும் எவ்வளவு பலம் என்று புள்ளி போட்டு வாசிப்பான். நேற்று உங்கள் அணியைப் பிடித்துக்கொண்டான். "டென்ட் ஒரே ஒரு மேட்ச்தானே தோத்திருக்குன்னு குதிக்கிறாங்க. டெல்பர்ட், அவங்க ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயமா? எங்க பாட்டி சர்ச் டீம் போனாகூட ஜெயிக்கும்" என்றான். டெல்பர்ட் சிரித்துவிட்டு, டென்ட்காரங்க யாராவது லைன்ல இருக்கீங்களா என்று கேட்டார். விளம்பரம் போனது, வந்தது. மறுபடியும் கேட்டார். ஒருத்தரும் வரவில்லை.

கையில் ரிசீவர் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. நான் பேசினேன். தொடர்ந்து மூன்று ஆட்டம் வெளியூரில் ஆடியதைச் சொன்னேன். பந்தை எறிகிற உங்கள் பையன் தோள் எலும்பு விரிசலோடு கொட்டுகிற மழையில் கடைசி வரை நின்றதைச் சொன்னேன். அட்டவணை போட்டது பல வருடங்களுக்கு முன்னால், அந்த அணிகள் இப்படித் தேய்ந்துபோகும் என்று எந்தப் பயிற்சியாளர் கனவு கண்டார் என்று கேட்டேன். டெல்பர்ட், "மிஸ் வெர்னா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? டாக்டர வேணா கூப்பிடவா?" என்றார்.

ஊரே சிரிக்கிறது. மளிகைக் கடையில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கழுதை மாதிரிக் கத்திக் காட்டினாள். டேல் போன் செய்து, "அத்தை, கட்சி மாறினவங்க வீட்ல உக்காந்து இந்த சனிக்கிழமை மேட்ச் பாக்க முடியாது. நான் பசங்களோட பாத்துக்கறேன்" என்றான். விளையாட்டுக்குத்தான் சொல்கிறான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இதை உடனே எழுதுகிறேன். சனிக்கிழமை நம் இரண்டு கல்லூரிக்கும் மோதல். அன்றைக்கு மட்டும் நான் எங்கள் கல்லூரிப் பச்சைச் சட்டைதான் போடுவேன், அதில் மாற்றமில்லை.

வெர்னா


ஜாஸ்பர்
டிசம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள ஹோய்ட்,

நம் மோதலைப் பார்க்க டேல் வரவில்லை. தனியாகத்தான் பார்த்தேன். இரண்டு பேருக்குச் செய்த சோள ரொட்டியில் பாதி அப்படியே இருந்தது. கடைசி விநாடியில் உங்கள் பையன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு உள்ளே போனது. உங்கள் பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கழற்றி வானத்தில் வீசினார்கள். நான் டிவியை அணைத்தேன். வெளியே கார் ஹாரன்கள் ரொம்ப நேரம் கேட்டன.

திங்கட்கிழமை டீ போட்டுக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன், திட்டு வாங்கத் தயாராக. யார் யாரோ பெருமையடித்தார்கள். ஒருவருக்கும் திட்டத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் ரோண்டாவின் கடிதம் வந்தது. உங்களுக்காக நான் ரேடியோவில் பேசியதைப் படித்துக் காட்டியதும், நீங்கள் போர்வையை இழுத்துத் தரையில் எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்களாம். சாப்பாட்டையும் தொடவில்லையாம். "அவங்க உங்க பக்கம்தானேப்பா பேசியிருக்காங்க, எதுக்குக் கோவம்?" என்று கேட்டாளாம். பாவம், அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. நல்ல செய்தியை மட்டும் எழுதுங்கள் என்று என்னைக் கெஞ்சியிருக்கிறாள்.

எனக்கு விளங்கியது, ஹோய்ட். படுக்கையில் இருப்பவரிடம் எல்லோரும் ஆமாம், ஆமாம் என்கிறார்கள். டாக்டர், நர்ஸ், மகள், பேரப்பிள்ளைகள், எல்லோரும். நானும் போய் அந்த வரிசையில் நின்றுகொண்டேன். இன்றோடு அந்த வரிசையிலிருந்து விலகிவிட்டேன்.

ரோண்டா, இனி வருவதை மென்மையாக்காமல் படி. குரலை உயர்த்தியே படி. அவர் போர்வையைத் தள்ளினால் உடனே எடுத்துப் போர்த்தாதே, கொஞ்ச நேரம் தரையிலேயே கிடக்கட்டும்.

இன்று மத்தியானம் தேர்வுக் குழு சாம்பியன் சுற்றுக்கான அணிகளை அறிவித்தது. உங்கள் கழுதைகளுக்கு இடமில்லை. மூன்று ஆட்டம் தோற்ற ஒரு அணியைக்கூட எடுத்தார்கள், உங்களை எடுக்கவில்லை. காரணம் அட்டவணை. நீங்கள் சீசன் முழுக்க ஜெயித்த அணிகளை எல்லாம் சேர்த்துக் கட்டினாலும் ஒரு நல்ல அணி தேறாது என்றார்கள். குழு செய்தது சரி. முழுக்கச் சரி. எங்களை ஜெயித்ததை ஒரு சாதனையாகச் சொல்ல வந்துவிடாதீர்கள், இந்த வருடக் கொக்குகளை யார் வேண்டுமானாலும் ஜெயிப்பார்கள், கம்பம் கைகொடுக்காவிட்டால் அதையும் நீங்கள் ஜெயித்திருக்க மாட்டீர்கள். கோழி லாரி ஓட்டிய காலத்தில் ஏற்றம் வந்தால் எந்த வண்டி தேறும் என்று தெரியும் என்று நீங்களே பெருமையடித்ததுண்டு. உங்கள் அணி ஏற்றத்தையே பார்க்காத வண்டி. எதிரில் வந்து நிற்பவனைத்தான் அடிக்க முடியும் என்கிற பழைய பாட்டு இனி செல்லாது. தேடிப் போய் அடித்திருக்க வேண்டும்.

இதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இடது கையால் எழுதப் பழக்குகிறார்கள் என்றும், நீங்கள் பென்சிலைத் தொடவே மாட்டேன் என்கிறீர்கள் என்றும் ரோண்டா எழுதியிருந்தாள். நன்றி என்றோ நலம் என்றோ எனக்கு எழுத வேண்டாம், அதற்கெல்லாம் வாழ்த்து அட்டைகள் கடையில் கிடைக்கின்றன. நான் சொன்னது பொய் என்று எழுதுங்கள். கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, வாசித்துக்கொள்வேன். தபால்காரர் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வருகிறார். நான் வீட்டில்தான் இருப்பேன். வேறெங்கே போகப் போகிறேன்.

அடுத்த வருட அட்டவணை வெளியாகிவிட்டது. செப்டம்பரில் முதல் சனிக்கிழமையே உங்கள் கழுதைகள் டெக்சாஸுக்குப் போகின்றன, நிஜமான அணியோடு ஆட. அன்றைக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும், கேட்க நீங்கள் இருந்தாக வேண்டும்.

ஆண்டவர் உங்கள் கைக்கும் நாவுக்கும் பலம் தரட்டும். உங்கள் கோபத்தை மட்டும் அவர் தொடாமல் விடட்டும்.

மாறாத எதிரி,
வெர்னா